பின்னல் மட்டும் நினைவிருக்கிறது

ஒன்பதாம் வகுப்புக்கு ஒரு வீட்டுப்பாடம் கொடுத்திருந்தேன். இரண்டாம் உலகப்போரின்போது ஏதாவதொரு கெட்டோவில், அதாவது நாஜிகள் யூதர்களைத் தனியாக ஒதுக்கி வைத்த பகுதியில், அடைபட்டுக் கிடந்த ஒருவரைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வர வேண்டும். பாடப்புத்தகத்தில் இந்த விஷயத்துக்குக் கிடைத்திருப்பது சில வரிகள்தான். 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள் என்று படித்து, அடிக்கோடு போட்டு, ஒரு மதிப்பெண் கேள்வியாக மனப்பாடம் செய்துவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விடுவார்கள். 60 லட்சம் யார் மனதிலும் ஏறாத எண். ஓர் ஆளையாவது தெரிந்துகொள்ளட்டும் என்றுதான் அந்த வேலையைக் கொடுத்தேன்.

ஒரு மாணவி டைரிக் குறிப்புகளோடு வந்தாள். பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி ஐந்து நாள் எழுதியது. எழுந்து நின்று வாசித்தாள். மூன்றாம் நாள், அம்மா தன் ரொட்டித் துண்டைத் தம்பியிடம் கொடுத்துவிட்டு எனக்குப் பசியில்லை என்கிறாள். ஐந்தாம் நாள், சுவருக்கு மேலே ஒரு பறவை பறந்து போகிறது. அதற்கு வேலி தெரியாது என்று அந்தப் பெண் எழுதுகிறாள். எப்போதும் சலசலத்துக்கொண்டிருக்கும் கடைசி பெஞ்சுகூட அடங்கிப்போயிருந்தது. எனக்கே தொண்டை அடைத்தது. தாளை வாங்கி அறிவிப்புப் பலகையில் குத்திவைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, இது எந்த கெட்டோ, இந்தப் பெண் பிழைத்தாளா என்று தேடத் தோன்றியது. தேடிப் பார்த்தேன், எங்கும் கிடைக்கவில்லை. அவளையே கூப்பிட்டுக் கேட்டேன்.

"மிஸ், அது ஏஐ-கிட்ட கேட்டு வாங்கினது. கெட்டோல இருந்த ஒரு பொண்ணோட டைரி வேணும்னு கேட்டேன், குடுத்துச்சு."

அவள் எதையும் மறைக்கவில்லை. நான் கேட்கவில்லை, அவ்வளவுதான். டைரி வேண்டும் என்று கேட்டதும் கிடைத்துவிட்டதால், எங்கேயோ இருப்பதை எடுத்துக் கொடுத்திருக்கிறது என்று அவளும் நம்பியிருக்கிறாள். "அப்போ அந்தப் பொண்ணு இல்லவே இல்லையா மிஸ்?" என்றாள். இல்லை என்றேன். முகம் சுருங்கிப்போனது. பக்கத்தில் நின்றுகொண்டிருந்த பையன் கேட்டதுதான் எனக்கு இன்றுவரை உறுத்துகிறது.

"அப்போ மத்ததெல்லாமும் இப்படித்தானா மிஸ்?"

இது நடந்த பிறகுதான் செயற்கை நுண்ணறிவை வைத்துக்கொண்டு கொடூரங்களைக் கற்பிப்பது பற்றி உருப்படியாக யோசிக்க ஆரம்பித்தேன். அதற்கு முன்பு எனக்கு அது வினாத்தாள் தயாரிக்க உதவும் கருவி. இப்போதும் அதற்குப் பயன்படுத்துகிறேன், அதில் எனக்கு வெட்கமில்லை.

அந்தத் தாளைத் திரும்ப எடுத்துப் படித்தேன். முதல் வாசிப்பிலேயே எனக்குப் பொறி தட்டியிருக்க வேண்டும். ஐந்து நாளும் ஏதோ ஒரு நம்பிக்கையில் முடிகின்றன. யாரும் யாரிடமும் எரிந்து விழவில்லை. பேன் இல்லை, நாற்றம் இல்லை, வயிற்றுப்போக்கு இல்லை. பசி இருக்கிறது, ஆனால் அது எல்லோரையும் நல்லவர்களாக்குகிற பசி.

நிஜமாகவே டைரி எழுதிய ஒரு பையனைச் சொல்கிறேன். தாவித் ஷெராகொவியாக். போலந்தின் வூட்ஜ் நகரத்துக்காரன். 1939-ல் ஜெர்மன் படை உள்ளே வந்தபோது அவனுக்கு 15 வயது. பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதினான். அவன் டைரியில் பறவை பறப்பதைவிட உருளைக்கிழங்கு எத்தனை கிலோ, ரொட்டி எத்தனை நாளைக்கு, முள்ளங்கி என்ன விலை என்பதுதான் அதிகம். அப்பா மேல் தீராத கோபம். வீட்டில் நாலு பேருக்கு வந்த ரொட்டியில் அம்மாவின் பங்கையும் தங்கையின் பங்கையும் அப்பா எடுத்துத் தின்கிறார் என்று திரும்பத் திரும்ப எழுதுகிறான். 1942 செப்டம்பரில் அம்மாவைப் பிடித்துக்கொண்டு போகிறார்கள். அன்றைக்கும் அப்பா சாப்பிடுவதை நிறுத்தவில்லை என்று குறித்து வைக்கிறான். அடுத்த ஆண்டு ஆகஸ்டில் அவனும் இறந்துபோனான். வயது 19.

இதைப் படிக்கும்போது அழுகை வருவதில்லை. ஒருவித அருவருப்பு வருகிறது, அப்புறம் அந்த அருவருப்பின் மேலேயே வெட்கம் வருகிறது. பசி ஒரு குடும்பத்தை எப்படிக் குலைக்கும் என்பது அங்கேதான் தெரிகிறது. அந்த அப்பா கெட்டவர் என்று சொல்லிவிட்டுப் போக முடியாது. அவரை அப்படி ஆக்கியது ஒரு நிர்வாகம். கணக்குப் போட்டு, ரேஷன் அட்டை அடித்து, முத்திரை குத்தி நடத்திய நிர்வாகம்.

இயந்திரத்தால் ஏன் இப்படி எழுத முடியவில்லை? கேட்டால் எழுதும்தான். "அப்பா ரொட்டி திருடுகிற மாதிரி எழுது" என்றால் அதையும் தரும். தானாக எழுதச் சொன்னால் ஏன் அந்தப் பக்கம் போவதில்லை என்பதுதான் என் கேள்வி. இந்த இயந்திரங்களுக்குள் இருக்கும் மொழி மாதிரி (language model) என்பது அடுத்து எந்தச் சொல் வந்தால் பொருந்தும் என்று கணித்துக் கணித்து வாக்கியம் கட்டுவது. அது படித்துப் பழகிய மலையளவு எழுத்தில் நிஜ டைரிகள் கொஞ்சம், அவற்றைப் பார்த்து எழுதிய கதைகளும் கண்ணீர்ப் பதிவுகளும் ஏராளம். போதாததற்கு, பழக்கும் கட்டத்தில் மனிதர்களுக்கு எந்தப் பதில் பிடிக்கிறதோ அதற்கு அதிக மதிப்பெண். இப்படி மனம் நோகாமல் பேசப் பழகிய ஒன்றிடம் மனம் நோக வேண்டிய விஷயத்தைக் கேட்கிறோம். அது தன் சுபாவப்படி மெருகேற்றிக் கொடுக்கிறது.

இந்தச் சுபாவத்துக்குப் பெரிய உதாரணம் 2023 ஜனவரியில் வெளியே வந்தது. வரலாற்று மனிதர்களோடு அரட்டை அடிக்கலாம் என்று ஒரு செயலி. அதில் நாஜித் தலைவர்களும் உண்டு. கோயபல்ஸ், தனக்கு யூதப் படுகொலையில் பங்கில்லை என்கிற மாதிரிப் பேசினார். ஹிம்லர் வருத்தம் தெரிவித்தார். நாஜிகளின் எஸ்எஸ் படையின் தலைவர், வதை முகாம்களை நடத்தியவர், மன்னிப்புக் கேட்கும் தொனியில்!

நிஜ ஹிம்லரின் குரல் ஒலிப்பதிவாகவே இருக்கிறது. 1943 அக்டோபர் 4, போஸென் நகரத்தில் எஸ்எஸ் அதிகாரிகள் முன்னால் பேசியது. யூத மக்களை அழித்தொழிப்பதைப் பற்றிப் பூடகமில்லாமல் பேசிவிட்டு, இது நம் வரலாற்றில் எழுதப்படாத, இனி எழுதப்படவும் போகாத புகழ்ப்பக்கம் என்கிற பொருளில் சொல்கிறார். குரலில் நடுக்கம் கிடையாது. ஆண்டறிக்கை வாசிக்கிற மாதிரி இருக்கும். இவரை எடுத்து, பண்பாகப் பேசப் பழகிய மென்பொருளுக்குள் போட்டால் வருந்தும் ஹிம்லர் கிடைக்கிறார். படுகொலையே நடக்கவில்லை என்று சொல்பவனோடு மாணவன் சண்டை போடலாம். செய்தவன் பிறகு வருந்தினான் என்று சொன்னால் அவன் நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுப் போவான். இரண்டுமே பொய், ஆனால் இரண்டாவதை எதிர்க்க யாருக்கும் தோன்றாது.

சரி, கொலைகாரர்களைப் பேச வைக்க வேண்டாம், பலியானவர்களைப் பேச வைக்கலாமே என்பார்கள். என்னைக் கேட்டால் அது இன்னும் மோசம். கொலைகாரன் பேசியதற்குப் பதிவு இருக்கிறது, ஒப்பிட்டுப் பார்த்துப் பொய்யைப் பிடித்துவிடலாம். பலியானவர்களில் பெரும்பாலோர் ஒரு வரிகூட விட்டுவிட்டுப் போகவில்லை. அவர்கள் வாயில் எந்தச் சொல்லைப் போட்டாலும் இல்லை என்று மறுக்க ஆள் கிடையாது.

சக ஆசிரியர் ஒருவரிடம் இதைச் சொன்னபோது அவர் ஒத்துக்கொள்ளவில்லை. "பசங்க அழுதாங்க இல்ல? அந்தக் காலத்தை ஒரு நிமிஷமாவது உணர்ந்தாங்க இல்ல? அது போதாதா டீச்சர்?" என்றார். நல்ல கேள்விதான். எனக்கு அந்தப் பையன்தான் பதில். அழ வைத்தது பொய் என்று தெரிந்த அடுத்த நொடி அவன் சந்தேகம் தாவித் மேலேயும் போனது. ஒரு போலி நோட்டு பிடிபட்டால் கையில் இருக்கும் நல்ல நோட்டையும் வெளிச்சத்தில் தூக்கிப் பார்க்கிறோம் இல்லையா, அதே கதை. கொடூரத்தை மறுப்பவர்களுக்கு அந்தச் சந்தேகமே போதும். யுனெஸ்கோ 2024-ல் வெளியிட்ட அறிக்கை ஒன்று, யூதர்களை ஆறுகளிலும் ஏரிகளிலும் கூட்டம் கூட்டமாக மூழ்கடித்துக் கொன்றார்கள் என்று ஒரு சாட்பாட் நடக்காத ஒன்றை உருவாக்கிச் சொன்னதைக் குறிப்பிட்டது. இதில் சிக்கல் என்னவென்றால், 1944 கடைசியிலும் 1945 தொடக்கத்திலும் புடாபெஸ்டில் டான்யூப் கரையில் யூதர்களை நிற்க வைத்துச் சுட்டு ஆற்றில் விழ வைத்தது நிஜம். செருப்புகளைக் கழற்றச் சொல்லிவிட்டுச் சுட்டார்கள். இன்றைக்கு அந்தக் கரையில் இரும்புச் செருப்புகளின் வரிசை நினைவுச் சின்னமாக நிற்கிறது. பொய் உண்மைக்குப் பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தால் பதினான்கு வயதுப் பிள்ளை எந்தக் கதவைத் தட்டும்?

எழுத்தாவது பரவாயில்லை. படம் என்று வரும்போது நிலைமை இன்னும் கைமீறுகிறது.

கம்போடியாவின் புனோம்பென்னில் துவோல் ஸ்லெங் என்று ஓர் இடம். முதலில் பள்ளிக்கூடம். 1975-லிருந்து 1979 வரை நடந்த கெமர் ரூஜ் என்ற கம்யூனிஸ்ட் இயக்கத்தின் ஆட்சியில் அது எஸ்-21 என்ற சிறையானது. வகுப்பறைகளைச் செங்கல் வைத்துத் தடுத்துச் சின்னச் சின்ன அறைகளாக்கினார்கள். 12 ஆயிரம் பேருக்கு மேல் உள்ளே போனார்கள், உயிரோடு வெளியே வந்ததாகத் தெரிபவர்கள் ஒரு டஜன் போலத்தான். உள்ளே வந்ததும் ஒவ்வொருவரையும் படம் எடுத்தார்கள், அந்தப் படங்கள் இன்றும் அங்கே சுவர் முழுக்க இருக்கின்றன. 2021 ஏப்ரலில் ஒரு வெளிநாட்டு இணைய இதழில் அவற்றில் சில வண்ணமேற்றி வெளியாயின. வண்ணத்தோடு நின்றிருந்தால்கூட விவாதம் வேறு மாதிரி போயிருக்கும். சில முகங்களில் புன்னகை சேர்க்கப்பட்டிருந்தது. சாகப் போகிறவர்கள் கேமராவைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். கம்போடியாவின் கலாச்சார அமைச்சகம் கண்டித்தது, இதழ் கட்டுரையை எடுத்துவிட்டது. ஐந்து வருடத்துக்கு முன்பு அதற்கு ஒருவர் உட்கார்ந்து மெனக்கெட வேண்டியிருந்தது. இன்றைக்கு என் மாணவர்கள் கையில் இருக்கும் போனே அந்த வேலையைச் செய்யும்.

2025-ல் போலந்தில் இருக்கும் ஆஷ்விட்ஸ் வதைமுகாம் நினைவகமே இந்த மாதிரிப் படங்களைக் கண்டித்து எச்சரிக்க வேண்டியதாயிற்று. முகாமில் வயலின் வாசிப்பவர், வேலிக்கு இருபுறமும் நின்று பார்த்துக்கொள்ளும் காதலர்கள் என்று இயந்திரத்தில் சுட்டெடுத்த படங்கள் சமூக ஊடகங்களில் லைக்குக்காகச் சுற்றின. எல்லா முகமும் மழமழவென்று, எல்லாக் கண்ணிலும் அளவாக ஒரு துளி நீர். கொடுமை என்னவென்றால், அங்கே நிஜப் படங்களுக்குப் பஞ்சமே இல்லை. வில்ஹெல்ம் பிராஸ்ஸெ என்ற போலந்துக் கைதி போட்டோகிராபர் என்பதால், வரும் கைதிகளைப் படம் எடுக்கும் வேலைக்கு வைக்கப்பட்டார். 1945 ஜனவரியில் சோவியத் படை நெருங்கியபோது எல்லாவற்றையும் எரித்துவிடச் சொல்லி உத்தரவு வந்தது. அவரும் இன்னொரு கைதியும் அடுப்புக்குள் ஈரமான தாள்களைப் போட்டு, அதற்கு மேல் படங்களைத் திணித்து, காற்றுப் போகாமல் தீயை அணைய விட்டார்கள். அப்படித் தப்பியவை 38,916 படங்கள்.

அதில் ஒன்று செஸ்வாவா க்வோகா என்ற 14 வயதுப் பெண்ணுடையது. கீழுதட்டில் ஒரு வெட்டு தெரியும். ஜெர்மன் மொழியில் சொன்ன உத்தரவு அவளுக்குப் புரியவில்லை. கைதிகளுக்குக் கண்காணியாக வைக்கப்பட்டிருந்த ஒரு பெண் கைதி தடியால் முகத்தில் அடித்தாள். அவள் இரத்தத்தையும் கண்ணீரையும் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்தாள், நான் படம் எடுத்தேன் என்று பிராஸ்ஸெ பல வருடம் கழித்துச் சொன்னார். போருக்குப் பிறகு அவரால் தொழிலுக்குத் திரும்ப முடியவில்லை. கேமரா வழியாகப் பார்க்கும்போதெல்லாம் அந்த முகங்கள் வந்து நின்றன. அந்தப் பெண்ணின் படத்தை வகுப்பில் காட்டியபோது உதட்டை முதலில் கவனித்தது அதே கடைசி பெஞ்சுதான்.

அப்புறம் ஆஷ்விட்ஸின் ஒரு பகுதியான பிர்கனாவின் நான்கு படங்கள். 1944 ஆகஸ்ட். பிணங்களை எரிக்கக் கட்டாயப்படுத்தப்பட்ட கைதிகள், யாரோ உள்ளே கடத்திக் கொடுத்த கேமராவில் ஒளிந்து எடுத்தது. இரண்டு படங்களில் ஒரு வாசலின் கரிய சட்டம், அதற்கு அப்பால் புகை, கிடக்கும் உடல்கள். மூன்றாவதில் மரங்களுக்கு நடுவே ஆடையைக் களைந்த பெண்கள், தூரத்தில், ஒரு மூலையில். நான்காவதில் ஒன்றுமில்லை. மரக்கிளைகளும் வானமும்தான், அதுவும் கோணலாக. பிலிமைப் பற்பசைக் குழாய்க்குள் ஒளித்து வெளியே அனுப்பினார்கள். பின்னாளில் அச்சிட்டவர்கள் பலர் அந்தக் கரிய சட்டத்தை வெட்டிவிட்டார்கள், நான்காவது படத்தை ஒதுக்கிவிட்டார்கள். தெளிவாக இல்லையாம். எடுத்தவனால் கேமராவைக் கண்ணருகே கொண்டுபோக முடியவில்லை, இடுப்பருகே வைத்து அழுத்திவிட்டு ஓடினான் என்பதை அந்தக் கோணல்தான் சொல்கிறது. அவன் எங்கே நின்றான் என்பதை அந்தக் கரிய சட்டம்தான் சொல்கிறது: விஷவாயு அறையின் வாசலுக்கு உள்ளே. "தெளிவாக்கு" என்று ஒரு பொத்தானைத் தட்டினால் போகிற முதல் விஷயம் இதுதான்.

வகுப்பில் நான்காவது படத்தை மட்டும் திரையில் போட்டு, எதுவும் சொல்லாமல் விட்டுவிட்டேன். "மிஸ், தப்பான படம் வந்திருக்கு" என்றான் ஒருவன். அந்தப் பாடம் அன்றைக்கு அங்கிருந்து ஆரம்பித்தது.

இயந்திரம் கூடவே கூடாது என்று சொல்ல வந்ததாக நினைத்துவிட வேண்டாம். மிகக் கவனமாகச் செய்த முயற்சி ஒன்றும் இருக்கிறது. அமெரிக்காவில் 1994-ல் தொடங்கிய ஷோவா பவுண்டேஷனிடம் 50 ஆயிரத்துக்கும் மேற்பட்ட வீடியோ சாட்சியங்கள் உள்ளன. யூதப் படுகொலையிலிருந்து உயிர் பிழைத்தவர்களுக்கு வயதாகிக்கொண்டே போகிறது, இனி வகுப்பறைக்கு யார் வந்து பதில் சொல்வார்கள் என்ற கவலையில் ஒரு வழி கண்டுபிடித்தார்கள். பின்சாஸ் குட்டர் என்பவரை நாள்கணக்கில் உட்கார வைத்து, சுற்றிலும் கேமராக்கள் வைத்து, 1,000-க்கும் மேற்பட்ட கேள்விகள் கேட்டுப் பதிவு செய்தார்கள். இப்போது ஒரு மாணவர் திரை முன்னால் நின்று கேள்வி கேட்டால், கணினி அந்தக் கேள்வியைப் புரிந்துகொண்டு அவர் சொன்ன பதில்களில் பொருத்தமானதைத் தேடி ஓட விடும். பேசுவது அவர்தான். ஒரு சொல்லும் புதிதாக உருவாக்கப்பட்டதில்லை. இயந்திரம் அங்கே நூலகரின் வேலை மட்டும் பார்க்கிறது.

அவர் சொல்வதில் ஒன்று என்னை விடவே இல்லை. 1943-ல் மைதானெக் முகாமுக்குக் கொண்டுபோகப்பட்டபோது அவருக்கு 11 வயது. கூட அம்மா, அப்பா, கூடப் பிறந்த இரட்டை சபீனா. வந்த அன்றே மூவரையும் இழந்தார். சபீனா அம்மாவை நோக்கி ஓடியதைப் பார்த்தார். அவள் முகம் அவருக்கு நினைவில்லை. எவ்வளவு முயன்றும் வரவில்லை. நினைவில் இருப்பது அவளுடைய நீளமான பொன்னிறப் பின்னல் மட்டும்.

கூடவே பிறந்து, கூடவே வளர்ந்தவளின் முகம். அதுவும் பறிபோனது என்பது அவர் சாட்சியத்தின் ஒரு பகுதி. இன்றைக்கு அவருடைய பழைய முகத்தைக் கொடுத்து, இதற்கு இரட்டையாக ஒரு சிறுமியை வரை என்றால் இயந்திரம் பத்து நொடியில் வரைந்துவிடும். அழகாகவும் இருக்கும். அதை அவரிடம் கொண்டுபோய்க் காட்டும் தைரியம் எனக்கு இல்லை.

இன்னொரு சோதனையையும் செய்து பார்த்தேன். சயாம் மரண ரயில்பாதை. 1942-43-ல் ஜப்பானியப் படை தாய்லாந்திலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் தண்டவாளம் போட்டது. நேச நாட்டுப் போர்க்கைதிகள் 60 ஆயிரம் பேருக்கு மேல் அதில் வேலை வாங்கப்பட்டார்கள், 12 ஆயிரம் பேருக்கு மேல் செத்தார்கள். அவர்களைவிடப் பல மடங்கு ஆசியத் தொழிலாளர்கள். அதில் மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள் மட்டும் பல பத்தாயிரம். காலராவிலும் மலேரியாவிலும் அடியிலும் பசியிலும் போனவர்களுக்குச் சரியான கணக்கே கிடையாது. இதைப் பற்றிச் சொல் என்று ஒரு சாட்பாட்டிடம் கேட்டேன். பிரிட்டிஷ், ஆஸ்திரேலியச் சிப்பாய்களைப் பற்றி நிறையச் சொன்னது, ஆசியத் தொழிலாளர்களுக்கு ஒரு வரி ஒதுக்கியது. அதன் மேல் கோபப்பட்டுப் பயனில்லை. சிப்பாய்கள் டைரி எழுதினார்கள், ஒளித்து வைத்துப் படம் வரைந்தார்கள், திரும்பிப் போய்ப் புத்தகம் போட்டார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் அவர்களுக்குக் கிட்டத்தட்ட 7 ஆயிரம் கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயரும் படைப்பிரிவும். நம்மவர்களைப் பெயரில்லாமல் மொத்தமாகப் புதைத்தார்கள்.

சரி, அங்கே வேலை செய்த ஒரு தமிழர் மனைவிக்கு எழுதும் கடிதம் ஒன்று எழுதித் தா என்றேன். தயக்கமே இல்லாமல் தந்தது. "அன்புள்ள" என்று தொடங்கி, குழந்தையை விசாரித்து, ஆற்றங்கரை நிலவைப் பார்த்து, எப்படியும் திரும்பி வருவேன் என்று முடித்தது. மறுபடியும் நம்பிக்கை! அந்தக் காட்டில் தபால் பெட்டி எங்கே இருந்தது? அவருக்கு எழுதத் தெரியுமா? தாளும் பென்சிலும் யார் கொடுத்தது? தோட்டத்தில் அந்தக் கடிதத்தை யார் வாங்கிப் படித்துக் காட்டியிருப்பார்கள்? கடிதம் எழுத வழியில்லாத நிலைமையில் அவர்களை வைத்திருந்தார்கள். அதைத்தான் வகுப்பில் சொல்ல வேண்டும், இந்தக் கடிதம் அதை மூடி மறைக்கிறது. கூடவே ஒன்றையும் கவனித்தேன். ஒரு வரி ஒதுக்கிய அதே இயந்திரம், கற்பனை செய்யச் சொன்னதும் ஒரு பக்கம் நிரப்பியது.

இப்போது வகுப்பில் அதை வேறு வேலைக்கு வைத்திருக்கிறேன். ஜாலியன்வாலா பாக் பாடத்துக்கு எத்தனை பேர் இறந்தார்கள் என்று மாணவர்களையே கேட்கச் சொன்னேன். 379-லிருந்து 1,000-க்கு மேல் வரை என்று வந்தது. அதோடு விட்டால் அது பொது அறிவு. "ஒவ்வொரு எண்ணும் யார் வாயிலிருந்து வந்தது?" என்று கரும்பலகையில் எழுதினேன். இரண்டு வகுப்பு அதிலேயே போனது. 1,650 குண்டுகள் என்ற கணக்கு சுடச் சொன்ன டயரே கொடுத்தது. 1,000 பேர் என்பது காங்கிரஸ் அமைத்த விசாரணையின் மதிப்பீடு. 379 அரசாங்கத்தின் எண். சம்பவம் ஏப்ரல் 13, இறந்தவர்களின் விவரத்தைத் தெரிவிக்கச் சொல்லி அரசு மக்களைக் கேட்டது சில மாதம் கழித்து. "என் அண்ணன் செத்துட்டான்னு போய்ச் சொன்னா, தடை பண்ணின கூட்டத்துக்கு அவன் போனான்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும் இல்ல மிஸ்?" என்றாள் ஒருத்தி. ஆமாம், அந்தப் பயத்தில் எத்தனையோ வீடுகள் வாயைத் திறக்கவில்லை. இதை இயந்திரம் அவளுக்குச் சொல்லித் தரவில்லை. ஆனால் எண்களை வரிசையாக எடுத்து முன்னால் வைத்தது அதுதான்.

தேடுவதிலும் படிப்பதிலும் அது கெட்டிக்காரன், அதை மறுக்க முடியாது. ஜெர்மனியின் ஆரோல்சன் ஆவணக்காப்பகத்தில் ஏறக்குறைய 1.75 கோடிப் பேரைப் பற்றிய தாள்கள் இருக்கின்றன: முகாம் அட்டைகள், ரயில் பட்டியல்கள், கூலிக் கணக்குகள். அவற்றின் கிறுக்கல் கையெழுத்தைப் படித்துத் தேடக்கூடிய பட்டியலாக மாற்ற ஆயிரக்கணக்கான தன்னார்வலர்களோடு கணினியும் சேர்ந்து உழைக்கிறது. ஜெருசலேமின் யாத் வாஷேம் நினைவகம் பல பத்தாண்டுகளாகச் சேகரித்த, கொல்லப்பட்ட யூதர்களின் பெயர்கள் 2025-ல் 50 லட்சத்தைத் தொட்டன. மிச்சம் இருக்கும் பெயர்களில் கொஞ்சத்தையாவது மீட்க இப்போது செயற்கை நுண்ணறிவை நம்புகிறார்கள். யாரோ ஒரு பாட்டி இரண்டு மணி நேரம் பேசிய சாட்சியத்தின் நடுவில் "எங்கள் பக்கத்து வீட்டு ரிவ்கா" என்று ஒரே ஒரு தடவை சொல்லிவிட்டுப் போயிருப்பார். அந்த ரிவ்காவைப் பற்றி உலகத்தில் வேறு எங்கும் பதிவு இருக்காது. அவளைக் கண்டுபிடிக்க அலுக்காமல் லட்சம் மணி நேரம் கேட்கும் காது வேண்டும். அது மனிதருக்கு இல்லை.

அந்த மாணவியிடம் வீட்டுப்பாடத்தைத் திரும்ப எழுதச் சொன்னேன். திட்டவில்லை, தப்பு என்னுடையதும்தான். எந்த இயந்திரத்தை வேண்டுமானாலும் கேள், ஆனால் நீ எழுதும் ஒவ்வொரு வரியையும் யார் பார்த்தது, யார் சொன்னது என்று என்னிடம் சொல்ல வேண்டும் என்றேன். அவள் தாவித்தையே எடுத்துக்கொண்டாள். இந்தத் தடவை ஒரு பக்கம் வரவில்லை, முக்கால் பக்கம்தான். அவன் அப்பாவைப் பற்றி நாலு வரி. அப்புறம் ஒரு கேள்வியோடு என் மேசைக்கு வந்தாள்.

"மிஸ், இதுல நடுவுல சில மாசம் இல்லையே. எழுதலையா?"

எழுதியிருப்பான், சில நோட்டுகள் கிடைக்கவில்லை என்றேன். போர் முடிந்து பழைய வீட்டுக்குத் திரும்பி வந்தவர் ஒருவர், அடுப்பின் மேல் நோட்டுகள் அடுக்கி வைத்திருந்ததைப் பார்த்தார். குளிருக்கு ஒவ்வொன்றாகக் கிழித்து எரித்திருக்கிறார்கள். மிச்சம் இருந்தது ஐந்து.

"அதுல என்ன இருந்திருக்கும்?"

நான் பதில் சொல்லவில்லை. அவள் கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு தன் தாளை எடுத்துக்கொண்டு போய், அந்த மாதங்கள் வரவேண்டிய இடத்தில் நாலு வரிக்கு இடம் விட்டு, "இது எரிந்துவிட்டது" என்று சின்ன எழுத்தில் எழுதிக் கொண்டுவந்து கொடுத்தாள்.